‘பொய்ச் சண்டை’யில் செத்தவர்கள்: ‘டார்க் சைட் ஒஃப் த ரிங்’ தொடர் சொல்வது என்ன?

‘ரெஸ்லிங் உண்மையா, பொய்யா?’ பாடசாலை நாட்களில் இந்த வாக்குவாதத்தில் ஒருமுறையாவது மாட்டாதவர்கள் எங்கள் வயதுக்காரர்களில் குறைவு. அண்டர்டேக்கர் செத்துப் பிழைத்து வந்தவர் என்று ஒரு பக்கம். எல்லாம் முன்கூட்டியே பேசிவைத்து அடிப்பது என்று மறுபக்கம். இரண்டாவது பக்கம்தான் சரி: யார் வெல்வது என்பது போட்டிக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஆனால், ‘டார்க் சைட் ஒஃப் த ரிங்’ ஆவணத் தொடரை வரிசையாகப் பார்த்தபோது, ‘இது பொய்தானே’ என்ற பேச்சு யாருக்கு வசதியாக இருந்தது என்ற கேள்விதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

ஏவன் ஹஸ்னி, ஜேசன் ஐஸ்னர் ஆகியோர் உருவாக்கிய இத்தொடர் 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் வைஸ் நிறுவனத்தின் அலைவரிசையில் ஆரம்பித்தது. பெரும்பாலும் ஓர் அத்தியாயத்துக்கு ஒரு கதை: ஒரு கொலை, ஒரு தற்கொலை, ஒரு துரோகம். சம்பந்தப்பட்டவர்களும் குடும்பத்தினரும் கமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். இடையிடையே, நடிகர்களின் முகம் தெரியாமல் நிழலாக எடுக்கப்பட்ட மீள்நடிப்புக் காட்சிகள் வருகின்றன.

இத்தொடரைப் புரிந்துகொள்ள ஒரு சொல் தெரிந்திருக்க வேண்டும்: ‘கேஃபேப்’. சண்டையின் இரகசியத்தை வெளியாருக்குக் காட்டிக்கொடுக்காத தொழில் கட்டுப்பாட்டுக்கு மல்யுத்தக்காரர்கள் வைத்த பெயர் அது. மேடையில் எதிரிகள் என்றால் வெளியிலும் எதிரிகள்தான். 1987இல் பரம எதிரிகளாக நடித்துவந்த ஜிம் டகனும் அயர்ன் ஷீக்கும் நியூ ஜேர்சியில் ஒரே காரில் போகும்போது போதைப்பொருளுடன் பொலிஸாரிடம் அகப்பட்டார்கள். போதைப்பொருளைவிட, இரண்டு பேரும் ஒரே காரில் இருந்ததுதான் பெரிய கதையானது. இருவருக்கும் வேலை போனது.

இரண்டே வருடங்களில் அந்த இரகசியத்தை முதலாளியே போட்டுடைத்தார். 1989 பெப்ரவரியில், வின்ஸ் மக்மஹோனின் டபிள்யூ.டபிள்யூ.எஃப் நிறுவனம் அதே நியூ ஜேர்சியின் செனட் சபையிடம், தங்களுடையது விளையாட்டுப் போட்டியல்ல, பொழுதுபோக்கு நிகழ்ச்சி என்று ஒப்புக்கொண்டது. நேர்மை திடீரென்று வந்துவிடவில்லை. விளையாட்டு என்றால் மாநில ஆணைக்குழுவின் கண்காணிப்பு, அனுமதிப்பத்திரம், மருத்துவப் பரிசோதனை, வரி எல்லாம் உண்டு. நாடகம் என்றால் இல்லை.

நாடகமே ஆகட்டும், நாடகக்காரருக்குச் சங்கமாவது இருக்க வேண்டுமே? அதுவும் இல்லை. மல்யுத்தக்காரர்கள் சட்டத்தின் பார்வையில் ஊழியர்கள் அல்லர், ‘சுயாதீன ஒப்பந்தக்காரர்கள்’. பின்னாளில் மினசோட்டா ஆளுநரான ஜெசி வென்சுரா 1986இல் சங்கம் அமைக்க முயன்றார். அதை மக்மஹோனிடம் போய்ச் சொன்னவர் ஹல்க் ஹோகன் என்பது, பிறகு வென்சுரா தொடுத்த வழக்கொன்றின் சாட்சியத்தில் வெளிவந்தது. விளையாட்டு வீரருக்குரிய பாதுகாப்பும் இல்லை, தொழிலாளிக்குரிய பாதுகாப்பும் இல்லை.

இந்த இடைவெளியில் மனிதர் விழுந்தால் என்ன ஆகும் என்பதை, இரண்டாம் பருவத்தின் கடைசி அத்தியாயம் காட்டுகிறது. 1999 மே 23ஆம் திகதி, கன்சாஸ் சிட்டியின் கெம்பர் அரங்கம். ‘புளூ புளேசர்’ என்ற கோமாளித்தனமான நாயகன் வேடத்தில் ஓவன் ஹார்ட் கூரையிலிருந்து கயிற்றில் இறங்க வேண்டும். வளையத்துக்குச் சற்று மேலே வந்ததும் கொக்கியைத் தானே விடுவித்து, தொப்பென்று விழுந்து சிரிப்பூட்ட வேண்டும். அதற்காக, இலேசாகத் திறந்துகொள்ளும் ஒரு கொக்கியைப் பொருத்தியிருந்தார்கள். அது பாய்மரப் படகுகளுக்குச் செய்யப்பட்டது. சுமார் 24 மீற்றர் உயரத்திலேயே அது திறந்துகொண்டது. அவருக்கு வயது 34, இரண்டு சின்னப் பிள்ளைகள்.

அந்தக் கணத்தில் தொலைக்காட்சியில் முன்பே பதிவுசெய்த காட்சி ஓடிக்கொண்டிருந்ததால் வீட்டிலிருந்தவர்கள் விழுவதைப் பார்க்கவில்லை. அரங்கில் இருந்தவர்கள் பார்த்தார்கள், ஆனால் இதுவும் கதையின் ஒரு பகுதியா என்று பலருக்கு விளங்கவில்லை. அவர் இறந்துவிட்டார் என்பதை வர்ணனையாளர் ஜிம் ரோஸ் தொலைக்காட்சிப் பார்வையாளர்களுக்குத்தான் சொன்னார். அரங்கில் அறிவிக்கவில்லை. நிகழ்ச்சி நிறுத்தப்படவும் இல்லை. அவர் விழுந்த அதே வளையத்துக்குள் சக வீரர்கள் இறங்கிச் சண்டை பிடித்தார்கள்.

மனைவி மார்த்தா ஹார்ட் இதை விபத்து என்று ஏற்கவில்லை, அலட்சியம் என்கிறார். அவர் தொடுத்த வழக்கு 2000இல் 18 மில்லியன் டொலர் இழப்பீட்டுடன் சமரசமானது. கணவரின் பெயரை நிறுவனத்தின் ‘ஹோல் ஒஃப் ஃபேம்’ பட்டியலில் சேர்க்க அவர் தொடர்ந்து மறுத்துவருகிறார். ரசிகர்கள் சிலர் அவரைப் பிடிவாதக்காரி என்று ஏசுவதுண்டு. எனக்கு அவருடைய கணக்கு நன்றாகவே விளங்குகிறது. கொன்ற மேடையிலேயே மாலை போட விட்டால், கதையை முடித்துவைப்பவர் மறுபடியும் முதலாளிதான்.

மிசூரி வேறு மாநிலம், நியூ ஜேர்சியின் தீர்மானம்தான் ஓவனைக் கொன்றது என்று சொல்ல முடியாது. ஆனால், வெளியார் யாரும் கேள்வி கேட்காத வேலைத்தளம் எப்படி உருவாகிறது என்பதை இரண்டும் சேர்ந்தே காட்டுகின்றன.

இப்பருவத்தைத் தொடக்கிவைத்த கிறிஸ் பென்வா அத்தியாயங்கள் இதைவிடக் கனமானவை. 2007 ஜூனில் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொன்றுவிட்டுத் தானும் தூக்கிட்டவர் அவர். பின்னர் மூளையை ஆராய்ந்த மருத்துவர்கள், தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டதால் வந்த கடுமையான சேதத்தைக் கண்டார்கள். இது கொலைக்கு விளக்கமாகுமா, சாக்காகுமா என்பதில் தொடர் சற்றுத் தடுமாறுகிறது. மனைவியின் சகோதரியைப் பேசவைத்ததால் ஓரளவு தப்புகிறது.

குறை உண்டு. மெதுவாக அசையும் நிழல்களும் இசையும் சேர்ந்து, சில மரணங்களைப் பேய்க்கதை போலாக்கிவிடுகின்றன. பிற்பட்ட பருவங்களில் சொல்லத்தக்க கதைகள் தீர்ந்துவிட்ட களைப்பும் தெரிகிறது.

பார்க்க விரும்புபவர்கள் ஓவன் ஹார்ட் அத்தியாயத்தில் தொடங்கலாம். பென்வா அத்தியாயங்களைப் பிள்ளைகளோடு இருந்து பார்க்க வேண்டாம். இவ்வளவு சாவு தாங்காது என்பவர்களுக்கு நெட்பிளிக்ஸில் 2023இல் வந்த ‘ரெஸ்லர்ஸ்’ இருக்கிறது, ஏழு அத்தியாயங்கள். கென்டக்கியின் லூயிவில் நகரில் ஒரு சிறு மல்யுத்தக் குழு, அதை இழுத்துச்செல்லும் முன்னாள் வீரர் அல் ஸ்னோ. அங்கே பெரிய கவலை அடுத்த நிகழ்ச்சிக்கு ரிக்கெட் விற்குமா என்பதுதான். அடிபட்ட முழங்கால்கள் அங்கும் உண்டு.