காலம் தவறும் மழையும் காப்பிச் செடியும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

தமிழர் இல்லங்களில் காப்பி பெற்றுள்ள இடம் யாவரும் அறிந்ததே. விருந்தினர் வந்தால் நாம் முதலில் கேட்பது, ‘காப்பி சாப்பிடுகிறீர்களா?’ என்பதுதான். ஆயினும் அந்தக் காப்பி எவ்வாறு விளைகிறது என்பதை அறிந்தோர் நம்மில் சிலரே. திருமழிசை போன்ற சமவெளி ஊரில் வாழும் நமக்குக் காப்பி என்பது கடையில் வாங்கும் தூள், அவ்வளவே.

2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா காப்பியின் விலை ஒரு பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டி, அதுவரை காணாத உச்சத்தை எட்டியது. பிரேசில் நாட்டின் வறட்சி அதற்கு ஒரு முக்கியக் காரணம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள் நான். ‘எங்கோ மழை பெய்யாவிட்டால் இங்கே ஏன் விலை ஏறவேண்டும்?’ என்று வீட்டில் என்னைத்தான் கேட்டார்கள். இந்தியக் காப்பியில் பெரும்பகுதி ஏற்றுமதியாவதால், உலகச் சந்தையின் விலையே இங்கும் விலையாகிறது என்பது அதற்கு விடை. ஆனால் விடை தேடப் புகுந்தபோது வேறொன்றும் தெரிந்தது. பிரேசிலுக்கு வந்த துன்பம் நம் மலைகளுக்கும் வரக்கூடியதே.

மலை தந்த பயிர்

பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதன் என்னும் பெரியார் அரபு நாட்டிலிருந்து ஏழு காப்பிக் கொட்டைகளைக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழி வரும் செய்தி. தமிழகத்தில் 1820ஆம் ஆண்டையொட்டி, சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் ஏற்காட்டில் காப்பியைப் பயிரிட்டார். இன்று சேர்வராயன் மலை, நீலகிரி, ஆனைமலை, பழனிமலை ஆகிய இடங்களில் காப்பி விளைகிறது. நாட்டின் விளைச்சலில் தமிழகத்தின் பங்கு சிறிதே. எனினும் அதில் பெரும்பகுதி உயர்ந்த வகையான அராபிகா ஆகும். பயிரிடுவோரில் மிகப் பெரும்பாலோர் சிறு விவசாயிகள். சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்களும் இவர்களுள் அடங்குவர்.

மலைக்கும் உச்சி உண்டு

அராபிகாவுக்கு ஏற்ற வெப்பம் 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை. மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் நம் ஊரில் அது வளராததற்குக் காரணம் இதுவே. மேலே செல்லச் செல்ல, ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ ஆறரை டிகிரி வீதம் வெப்பம் குறைகிறது. ஆகவேதான் அராபிகா 1,000 மீட்டருக்கு மேற்பட்ட சரிவுகளை நாடுகிறது.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உலகின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால், பழைய குளிர்ச்சியைப் பெறச் செடி சுமார் 150 மீட்டர் மேலே ஏறவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட, உலகின் சராசரி வெப்பம் ஏற்கெனவே ஒரு டிகிரிக்கு மேல் உயர்ந்துவிட்டது. சேர்வராயன் மலையின் உச்சியோ ஏறத்தாழ 1,600 மீட்டர்தான். இரண்டு மூன்று டிகிரி உயர்ந்தால் காப்பிக்கு ஏறிச் செல்ல இடம் ஏது? உயரமான நீலகிரியிலோ, மேலே இருப்பவை சோலைக் காடுகளும் தேயிலைத் தோட்டங்களும். காட்டை அழித்துக் காப்பி நடுவது நோயை வளர்க்கும் மருந்தாகவே முடியும்.

பூமழை

வெப்பத்தினும் நுட்பமானது மழையின் காலம். காப்பிச் செடியில் பூமொட்டுகள் தோன்றி, பனிக்காலத்தை அடுத்த வறண்ட நாட்களில் உறங்கிக் கிடக்கின்றன. மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் மழை பெய்தால் அவை விழிக்கின்றன. ஒன்பது பத்து நாட்களில் தோட்டம் முழுவதும் மல்லிகை போல் வெள்ளை வெளேரெனப் பூத்து மணக்கிறது. இம்மழையைப் பூமழை எனலாம். சில வாரங்களில் இன்னொரு மழை பெய்தால்தான் பிஞ்சு நிலைக்கும்.

அந்த மழை போதிய அளவு பெய்யாவிட்டால் மொட்டுகள் அரைகுறையாக விரிந்து கருகும். தை மாதத்திலேயே பெய்துவிட்டாலோ, பழம் பறித்து முடியுமுன் செடி பூத்துவிடும். பறிக்கும் கையே பூவை உதிர்த்துவிடும். களத்தில் காயும் கொட்டையும் நனைந்து பூசணம் பிடிக்கும். ஆண்டு முழுவதும் பெய்த மழையைக் கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரியாக இருக்கலாம். விவசாயியின் கையில் மட்டும் ஒன்றும் இராது. பருவநிலை மாற்றம் என்பது மழை குறைவது மட்டுமன்று, மழை தன் நாளை மறப்பதும் ஆகும் என்பதை இப்பயிர் நமக்கு நன்கு உணர்த்துகிறது.

பூச்சியும் நிழலும்

அராபிகாவின் பெரும்பகை வெள்ளைத் தண்டு துளைப்பான் என்னும் வண்டு. வெயில் படும் பட்டையில் அது முட்டையிடுகிறது. புழு தண்டைக் குடைந்து செல்கிறது. தாக்குண்ட செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. வெப்பமும் வறட்சியும் இவ்வண்டுக்கு உகந்தவை. நல்ல நிழலே இதற்குத் தடை. கல்யாண முருங்கை, பலா, சில்வர் ஓக் முதலிய மரங்கள் தோட்டத்தில் நிற்பது இதற்காகவும்தான். அவை வெயிலைத் தணித்து, மண்ணின் ஈரத்தைக் காத்து, மிளகுக் கொடிக்கும் கொம்பாகின்றன.

ஆனால் விளைச்சல் பொய்த்த ஆண்டில், கடன்பட்ட விவசாயிக்கு உடனே காசாகக் கூடியதும் அந்த மரமே. அதை வெட்டினால் வெயில் கூடும். வெயில் கூடினால் வண்டு கூடும். அடுத்த ஆண்டு கடன் மேலும் கூடும். இச்சுழலில் சிக்கியவனைக் குறை கூறிப் பயனில்லை.

இலங்கை தரும் பாடம்

ஒரு பயிர் வீழ்ந்தால் என்னவாகும் என்பதற்கு வரலாறு சான்று தருகிறது. 1869இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலைத் துரு நோய் காணப்பட்டது. அது ஒரு பூஞ்சணத்தின் விளைவு. வெப்ப உயர்வால் வந்ததன்று. எனினும் சுமார் இருபது ஆண்டுகளில் அங்கே காப்பி வீழ்ந்து தேயிலை வந்தது. முதலாளி பயிரை மாற்றிக்கொள்ள முடிந்தது. தமிழகத்திலிருந்து சென்று உழைத்த கூலி மக்களுக்குப் போக்கிடம் இல்லை.

செய்யத் தக்கவை

காப்பிச் செடி நட்ட மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் பலன் தரும். ஆகவே இன்று நடுபவர் 2060ஆம் ஆண்டின் வானிலையையும் எண்ணியே நடவேண்டியவராகிறார். இச்சுமையைச் சிறு விவசாயி தனியே சுமக்க இயலாது. பூமழை தவறினால் நீர் தெளிக்கக் குளமும் பம்பும் வேண்டும். வெட்டாமல் காக்கும் நிழல் மரத்துக்கு ஊக்கத்தொகை வேண்டும். வறட்சியைத் தாங்கும் வகைகள் வேண்டும். பாலேஹொன்னூரில் 1925 முதல் இயங்கும் மத்திய காப்பி ஆராய்ச்சி நிலையமும், நம் திண்டுக்கல் மாவட்டத் தாண்டிக்குடியில் உள்ள மண்டல நிலையமும் காப்பி ஆராய்ச்சியில் ஈடுபட்டுள்ளன. தாவரவியல் பயிலும் நம்மவருக்கு அங்கே பணி காத்திருக்கிறது.

விலை ஏறும்போது தூளில் சிக்கரி ஏறுவது இயல்பு. கலவைத் தூளில் காப்பி 51 விழுக்காட்டிற்குக் குறையக் கூடாது என்பது சட்டம். எஞ்சியது சிக்கரியாக இருக்கலாம். அடுத்த முறை பொட்டலம் வாங்கும்போது அதன் மேலுள்ள விழுக்காட்டைப் படித்துப் பாருங்கள். மலையில் பெய்யத் தவறிய மழையின் கணக்கு ஒருநாள் அதிலும் தெரியக்கூடும்.