கோல்டு கார்டு போச்சே... விமானப் பயணிகளைப் புலம்பவைக்கும் புது விதிகள்! என்ன செய்யலாம்?

விடியற்காலை 3 மணி. படூர் அபார்ட்மென்ட் வாசலில் கேப் வந்து நிற்கிறது. ஓ.எம்.ஆரில் துரைப்பாக்கம் வரை போய், ரேடியல் ரோட்டில் திரும்பி, பல்லாவரம் வழியா மீனம்பாக்கம் போய்ச் சேரணும். 6 மணிக்கு டெல்லி ஃப்ளைட். சிறுசேரி சிப்காட்டில் வேலை பார்க்கிற பலருக்கும் இது மாசத்துக்கு ரெண்டு, மூணு தடவை நடக்கிற விஷயம்தான்.

தூக்கம் போச்சு, வீட்டுச் சாப்பாடு போச்சு, ஞாயிற்றுக்கிழமையும் போச்சு. இதுக்கெல்லாம் ஆறுதலா இருந்தது ஒண்ணே ஒண்ணுதான்... விமான நிறுவனம் கொடுத்த அந்த கோல்டு கார்டு.

கார்டு இருந்தா செக்-இன்ல தனி வரிசை. லவுஞ்சில் சூடா இட்லி, காபி. கூட வர்ற அம்மாவையும் விருந்தாளியா உள்ளே கூட்டிட்டுப் போகலாம். முக்கியமா, கூடுதல் லக்கேஜ். ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கோ சிங்கப்பூருக்கோ போறப்ப பருப்புப்பொடிக்கும் ஊறுகாய்க்கும் இடம் கிடைக்கிறதே அதிலதானே!

இப்போ அந்த கார்டைத் தக்கவைக்கிறதுக்கான விதிகளைத்தான் உலகம் முழுக்க விமான நிறுவனங்கள் ஒவ்வொண்ணா மாத்திட்டு வருது. `போன வருஷமும் இதே அளவுதானே பறந்தேன், இந்த வருஷம் ஏன் சில்வருக்கு இறக்கிட்டாங்க?' என்று கேட்பவர்களில் நீங்களும் ஒருவரா? அப்படின்னா இது உங்களுக்குத்தான்.

ரெண்டு பாயின்ட், ரெண்டு கணக்கு

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். இந்தத் திட்டங்களில் உங்களுக்குக் கிடைப்பது ரெண்டு வகை பாயின்ட்.

ஒண்ணு, செலவு பண்ணக்கூடிய பாயின்ட். இதைச் சேர்த்துவெச்சு டிக்கெட் எடுக்கலாம், சீட்டை பிசினஸ் கிளாஸுக்கு உயர்த்திக்கலாம். இன்னொண்ணு, தகுதிக்கான பாயின்ட். இதை எங்கேயும் செலவு பண்ண முடியாது. நீங்க சில்வரா, கோல்டா, பிளாட்டினமா என்று முடிவு பண்ணுவது இதுதான். குறிப்பிட்ட காலத்துக்குள், பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள், இலக்கைத் தொடணும். அடுத்த சுற்றுல மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பம்.

மக்கள் அதிகமா புலம்புவது இந்த ரெண்டாவது கணக்கு மாறினதுக்குத்தான்.

தூரம் போச்சு, துட்டு வந்துச்சு

1981 மே மாசம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன்னோட `அட்வான்டேஜ்' திட்டத்தை ஆரம்பிச்சப்போ கணக்கு ரொம்ப எளிமை. எத்தனை மைல் பறந்தீங்களோ, அத்தனை மைல் உங்க கணக்கில். `மைல்ஸ்' என்ற பேரே அதனாலதான் ஒட்டிக்கிட்டது. மத்த நிறுவனங்களும் இதே வழியில் வந்தன.

2015-ல் அமெரிக்காவின் டெல்டாவும் யுனைடெட்டும் `இனிமே தூரம் இல்ல, நீங்க கொடுத்த டிக்கெட் விலைக்குத்தான் மைல்' என்று மாத்தின. நம்ம ஊரில் அந்த மாற்றம் ஏர் இந்தியா வழியா வந்தது. 2024 ஏப்ரலில் தன்னோட `ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ்' திட்டத்தைச் செலவு அடிப்படைக்கு மாத்தியது. அதே வருஷம் நவம்பர் 12-ம் தேதி விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தபோது `கிளப் விஸ்தாரா' உறுப்பினர்களும் இந்தக் கணக்குக்குள்ளேயே வந்துட்டாங்க. இப்போ அதோட பேர் `மகாராஜா கிளப்.'

இதனால என்ன வித்தியாசம்? சென்னையிலிருந்து டெல்லி சுமார் 1,760 கிலோமீட்டர். ரெண்டு மாசம் முன்னாடியே 5,000 ரூபாய்க்கு டிக்கெட் போட்ட ஒருத்தரும், நேத்து ராத்திரி 12,000 ரூபாய்க்குப் போட்ட ஒருத்தரும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போறாங்கன்னு வெச்சுக்குவோம். பழைய முறையில், டிக்கெட் வகையைப் பொறுத்து கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும், அடிப்படை ஒரே தூரம்தான். புது முறையில் ரெண்டாவது ஆளுக்கு ரெண்டு மடங்குக்கும் மேல பாயின்ட். அதுலயும் பொதுவா அடிப்படைக் கட்டணத்துக்கும் விமான நிறுவனம் போடுற கூடுதல் கட்டணத்துக்கும்தான் பாயின்ட் உண்டு. ஜி.எஸ்.டி-க்கும் விமான நிலையக் கட்டணத்துக்கும் கிடையாது.

இதுல நிஜமா அடிவாங்குவது யார் தெரியுமா? வருஷத்துக்கு 30 தடவை பறக்கிற படூர், சிறுசேரி ஊழியர்தான். அவருக்கு டிக்கெட் போடுவது ஆபீஸ் டிராவல் டெஸ்க். இருப்பதிலேயே விலை குறைஞ்ச டிக்கெட்டாப் பார்த்துத்தான் போடுவாங்க. அலைச்சல் இவருடையது, முதுகுவலி இவருடையது. ஆனா கணக்கில் ஏறுவது டிக்கெட் விலை மட்டும். அந்த விலையை இவர் தீர்மானிக்கவும் முடியாது!

ஏன் மாத்துறாங்க?

முதல் காரணம், கூட்டம். கொரோனா காலத்தில் பறக்க முடியாததால் பல நிறுவனங்கள் உறுப்பினர்களோட கார்டு தகுதியை அப்படியே நீட்டிச்சாங்க. கிரெடிட் கார்டு மூலமாவும் நிறைய பேர் உள்ளே வந்தாங்க. லவுஞ்ச் வாசலில் கியூ நின்னது. எல்லாருக்கும் கோல்டுன்னா, அப்புறம் அது என்ன கோல்டு?

ரெண்டாவது, வருமானம். பல மாசம் முன்னாடியே மலிவு விலையில் டிக்கெட் எடுத்து சுத்தி சுத்திப் பறக்கிறவரைவிட, கடைசி நேரத்தில் அதிக விலை கொடுக்கிறவர்தான் நிறுவனத்துக்கு லாபம். சலுகையை அவருக்குக் கொடுக்க நினைக்கிறாங்க.

மூணாவது காரணம்தான் பெருசு. இந்தத் திட்டங்களே தனி வியாபாரம். விமான நிறுவனங்கள் பாயின்ட்டை வங்கிகளுக்கு மொத்தமா விக்கிறாங்க. வங்கி அதை கிரெடிட் கார்டு வழியா உங்களுக்குக் கொடுக்குது. 2020-ல் கொரோனா நேரத்தில் யுனைடெட், தன்னோட `மைலேஜ் பிளஸ்' திட்டத்தை அடமானமா வெச்சு 680 கோடி டாலர் கடன் திரட்டியது. அப்போ அந்தத் திட்டத்துக்குச் சொல்லப்பட்ட மதிப்பு சுமார் 2,200 கோடி டாலர். பங்குச்சந்தையில் யுனைடெட்டோட மொத்த மதிப்பே அந்த நேரத்தில் அதைவிடக் குறைவு!

பயணிகள் சும்மா இருந்தாங்களா?

இல்லை. 2023 செப்டம்பரில், அடுத்த வருஷத்திலிருந்து செலவுக் கணக்கு மட்டும்தான் என்று டெல்டா அறிவிச்சது. மிக உயர்ந்த டயமண்ட் தகுதிக்கு 35,000 டாலர். பயணிகள் கொதிச்சுட்டாங்க. போட்டி நிறுவனங்களான அலாஸ்காவும் ஜெட்புளூவும் `அங்கே கார்டு வெச்சிருக்கீங்களா? இங்கே வாங்க, அதுக்குச் சமமான தகுதி தர்றோம்' என்று கூப்பிட்டன. கொஞ்சம் ஓவரா போயிட்டோம் என்பதை டெல்டா தலைவர் எட் பாஸ்டியனே ஒத்துக்கிட்டார். அக்டோபரில் அந்த இலக்கு 28,000 டாலராகக் குறைஞ்சது.

சென்னையிலிருந்து லண்டன் போறவங்களுக்குப் பழக்கமான பிரிட்டிஷ் ஏர்வேஸிலும் இதே கதை. 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு பவுண்டு செலவுக்கு ஒரு பாயின்ட் என்று மாத்தினாங்க. முன்னாடி சில்வருக்கு 600 பாயின்ட் வேணும். லண்டனுக்கு ரெண்டு தடவை பிசினஸ் கிளாஸில் போய் வந்தாலே 560 கிட்ட வந்துடும். புது இலக்கு 7,500. நம்ம பணத்தில் 8 லட்ச ரூபாய்க்கு மேல. எதிர்ப்பு கிளம்பினதும் போனஸ் பாயின்ட் கொடுத்தாங்க. 50 ஃப்ளைட் பறந்தாலும் சில்வர் உண்டு என்று ஒரு வழியும் விட்டாங்க.

ஆக, பயணிகள் சத்தம் போட்டா கொஞ்சம் இறங்கி வர்றாங்க. ஆனா, பழைய விதிக்குத் திரும்பிப் போகலை.

பாயின்ட் உங்க சேமிப்பு இல்ல

வங்கியில் போட்ட பணம் உங்களுடையது. பாயின்ட் அப்படியில்ல. விதிகளை எப்போ வேணும்னாலும் மாத்தும் உரிமையை நிறுவனம் தன் கையிலேயே வெச்சிருக்கும். நாம படிக்காமலே `ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டின பக்கத்தில் அது இருக்கும்.

நம்ம நாட்டிலேயே பாடம் இருக்கு. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் பறப்பதை நிறுத்தியது. `கிங் கிளப்'பில் சேர்த்த பாயின்ட்டும் அதோட தரைதட்டியது. 2019 ஏப்ரல் 17-ல் ஜெட் ஏர்வேஸ் நின்றது. அதோட பாயின்ட் திட்டம் தனி கம்பெனியாக இருந்ததால் தப்பிச்சு, `இன்டர்மைல்ஸ்' என்று பேர் மாறியது. பாயின்ட் பிழைச்சது, ஆனா ஜெட்டில் பறக்கணும்னு சேர்த்தவருக்கு அந்த விமானமே இல்ல.

சரி, நாம என்ன பண்ணலாம்?

1. கார்டோட விலையைக் கணக்குப் போடுங்க. போன வருஷம் லவுஞ்சுக்கு எத்தனை தடவை போனீங்க, கூடுதல் லக்கேஜில் எவ்வளவு மிச்சம் என்று எழுதிப் பாருங்க. கோல்டைத் தக்கவைக்க இன்னும் 20,000 ரூபாய் செலவு பண்ணணும், அதனால கிடைக்கிற பலன் 8,000 ரூபாய்தான்னா, விட்டுடுங்க. கௌரவத்துக்காக டிசம்பரில் வேலையே இல்லாம ஒரு டிக்கெட் போடுவது நஷ்டம்தான்.

2. ஒரு பாயின்ட் எத்தனை பைசான்னு பாருங்க. 8,000 ரூபாய் டிக்கெட்டை 20,000 பாயின்ட் கொடுத்து எடுக்குறீங்க, வரி 1,500 ரூபாயை மட்டும் கையிலிருந்து கட்டணும்னு வெச்சுக்கோங்க. மிச்சம் 6,500 ரூபாய். அதாவது ஒரு பாயின்ட் 32.5 பைசா. இதே பாயின்ட்டுக்கு மிக்ஸியோ கிஃப்ட் வவுச்சரோ வாங்கினா எவ்வளவுன்னு ஒப்பிட்டுப் பாருங்க. பெரும்பாலும் டிக்கெட்தான் லாபம்.

3. ஒரே கூடையில் போடுங்க. சென்னைக்கு வர்ற ஏர் இந்தியா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா மூணுமே ஸ்டார் அலையன்ஸ் கூட்டணி. எதில் பறந்தாலும் ஒரே திட்டத்தில் பாயின்ட் சேர்க்கலாம். ஸ்ரீலங்கன், கத்தார், பிரிட்டிஷ் ஏர்வேஸ் எல்லாம் ஒன்வேர்ல்டு கூட்டணி. ரெண்டு கூட்டணியிலும் பாதிப் பாதி சேர்த்தா எதிலும் இலக்கைத் தொட முடியாது.

4. ஆபீஸ் டிக்கெட்டில் உங்க நம்பர் இருக்கான்னு பாருங்க. உறுப்பினர் எண்ணை டிராவல் டெஸ்க்கில் ஒருமுறை கொடுத்து வையுங்க. பாயின்ட் ஏறும் வரை போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீங்க. விட்டுப்போன பாயின்ட்டைப் பின்னாடி கேட்டு வாங்க அதுதான் ஆதாரம்.

5. கார்டு இறங்கும் முன்னாடியே பேரம் பேசுங்க. போட்டி நிறுவனங்கள் சமத் தகுதி கொடுக்கிறாங்களான்னு, உங்க கோல்டு உயிரோட இருக்கும்போதே கேளுங்க. காலாவதியான பிறகு கேட்டா கிடைக்காது.

6. சேர்க்காதீங்க, செலவு பண்ணுங்க. இன்னிக்கு 20,000 பாயின்ட்டுக்குக் கிடைக்கிற டிக்கெட், அடுத்த வருஷம் 30,000 கேட்கலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. கார்டு போனதும் `அப்பாடா' என்று நிம்மதியானவங்களும் உண்டு. ஒரே கம்பெனியைப் பிடிச்சுத் தொங்க வேண்டியதில்ல. எது விலை குறைவு, எது நேரத்துக்குத் தோது என்று பார்த்து டிக்கெட் போடலாம். நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமான இண்டிகோவே 2024-ல்தான் `புளூசிப்' என்று தனக்கான திட்டத்தைக் கொண்டுவந்தது. அதுவரை மக்கள் கார்டு பார்த்தா அதில் ஏறினாங்க?

விடியற்காலை 3 மணிக்கு எழுந்து ஓடி ஓடிச் சேர்த்த பாயின்ட் அது. இந்தத் தடவை ஆப்பைத் திறக்கும்போது `இன்னும் எவ்வளவு வேணும்' என்று பார்க்காதீங்க. `இருக்கிறதை வெச்சு யாரைக் கூட்டிட்டுப் போகலாம்' என்று பாருங்க. இதுவரை ஃப்ளைட்டே ஏறாத அப்பா, அம்மா வீட்டில் இருந்தா, அந்தப் பாயின்ட்டுக்கு அதைவிட நல்ல செலவு வேற இல்ல.