அம்மாவின் வெந்நீர்த் தொட்டியும் மின்கட்டணமும்

வானொலியில் காலை நிகழ்ச்சி செய்வதால் விடியற்காலை நாலரைக்கே எழுந்துவிடுவேன். அந்த நேரத்திலும் வீட்டின் பின்பக்கத்தில் பம்ப் ஓடும் சத்தம் கேட்கும். அம்மாவுக்காகச் சென்ற ஆண்டு வாங்கிய, காற்றடித்து நிறுத்தும் வெந்நீர்த் தொட்டி அது. 800 லிட்டர் பிடிக்கும்.

இளவயதில் தோட்டத்தில் பால்மரம் சீவிய அம்மாவுக்கு இப்போது இரண்டு முட்டியிலும் தேய்மானம். தொட்டியில் உட்கார்ந்தால் உடலின் பாரத்தை நீர் தாங்கிக்கொள்ளும். சூட்டில் இறுகிய தசைகளும் தளரும். மாலையில் கால் மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால், அன்றிரவு நன்றாகத் தூங்குவார்.

மாதம் 130 ரிங்கிட் வந்த மின்கட்டணம் 260 ஆனது. நான் வாய் திறக்கவில்லை. ஆனால், பில்லை மேசைமேல் வைத்துவிட்டேன். மறுநாளிலிருந்து அம்மா, "முட்டி இப்ப பரவால்ல, தொட்டி வேணாம்" என்றார். படியேறும்போது கைப்பிடியை அவர் பிடித்த பிடியைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

பணம் எங்கே போகிறது என்று தேடினேன். 800 லிட்டர் நீரை 28 டிகிரியிலிருந்து 39 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 10 யூனிட் மின்சாரம் போதும். அந்தச் சூட்டை அப்படியே காப்பதில்தான் சிக்கல். ஓர் இரவு சூடேற்றியை அணைத்து, தொட்டியைத் திறந்தே விட்டேன். பத்து மணி நேரத்தில் 39 டிகிரி 32 ஆனது. ஆறரை யூனிட் காற்றோடு போய்விட்டது! மறுநாள் இரவு மூடி வைத்தேன். 36இல் நின்றது.

நம் நாடுதான் வெப்ப நாடாயிற்றே, மூடி எதற்கு என்று அதை ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தவன் நான். சூட்டைத் திருடுவது ஆவி. ஒரு லிட்டர் நீர் ஆவியாகிப் போனால், ஐம்பது லிட்டருக்கும் அதிகமான நீரைப் பத்து டிகிரி குளிர வைக்கும் அளவு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அம்மாவிடம் சொன்னேன். சிரித்தார். "தோட்டத்துல அண்டாவுல தண்ணி காய வச்சா மூடாமயா வைப்போம்? இதுக்கு நீ காலேஜுக்கு வேற போன!"

பிறகு நான் செய்த மாற்றங்கள் இவை:

மூடி: குளித்து முடித்ததும் உடனே மூடிவிடுகிறோம். அதற்கும் கீழே, நீரின்மேல் மிதக்கும் குமிழித் தாள் ஒன்று.

அடிப்பக்கம்: சிமெண்டுத் தரையும் சூட்டை இழுக்கும். பிள்ளைகள் விளையாடும் நுரைப்பாய்களைக் கீழே விரித்தேன்.

காற்று: தொட்டியைச் சுவரோரம் நகர்த்தி, திறந்த பக்கத்தில் மூங்கில் திரை கட்டினேன்.

சூடு: 39ஐ 37 ஆகக் குறைத்தேன். வெளிக்காற்று 27 டிகிரி என்றால், இடைவெளி 12லிருந்து 10 ஆகிறது. இழப்பில் ஆறில் ஒரு பங்காவது மிச்சம். அம்மாவுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

நேரம்: ஆறவிட்டு மீண்டும் சூடேற்றினால் செலவு கூடும் என்று பலர் நினைக்கிறோம். உண்மை அதுவல்ல. ஆறிய நீர் இழக்கும் வெப்பம் குறைவு. ஆகவே இரவில் சூடேற்றியை அணைத்து, மாலைக்குத் தயாராகும்படி மதியம் முடுக்குகிறோம். வடிகட்டியும் குளோரினும் மட்டும் வழக்கம்போல. அவற்றில் சிக்கனம் பார்த்தால் கிருமி சேரும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீர் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்ட பிறகே இறங்க வேண்டும்.

அம்மா மறுபடியும் மாலையில் தொட்டியில் உட்காருகிறார். எழுந்ததும் மூடியை நான் போடும்வரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். இந்த மாத பில் 175 ரிங்கிட். இதையும் மேசைமேல்தான் வைத்தேன்.