பதில் கார்டும் பொத்தானும்

காலணா விலையில் தபால் கார்டு இந்நாட்டில் 1879ஆம் ஆண்டில் புழக்கத்திற்கு வந்தது. பின்னர் பதில் கார்டு என்ற ஒன்றும் வந்தது. இரண்டு கார்டுகள் ஒட்டியிருக்கும். ஒன்றில் நாம் எழுதுவோம், மற்றொன்றில் பெறுபவர் விடை எழுதித் திருப்பி அனுப்புவார். விலாசத்தை முன்கூட்டியே எழுதிவைத்து, விடையில் ஒரு குறியிட்டால் போதும் என்று அமைத்து அனுப்பினால், கடிதமே எழுதாத வாடிக்கைக்காரரும் விடையளிப்பார். எழுதுவதுதான் அவருக்குப் பாரமேயன்றி, விருப்பத்தைத் தெரிவிப்பதன்று. கைபேசிச் செய்தியின் அடியில் இன்று தோன்றும் பொத்தான்களை இந்தப் பதில் கார்டின் வழிவந்தவை என்றே நாம் கருதுகிறோம்.

நமது சங்கங்களின் விற்பனை நிலையங்களுக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் பெரும்பாலானவை 'விலை என்ன?' என்ற இரண்டு சொற்களில் அடங்கிவிடுகின்றன. எதன் விலை, என்ன அளவு, என்ன நிறம், எத்தனை உருப்படி, எந்த ஊருக்கு என்று குமாஸ்தா ஒவ்வொன்றாகக் கேட்கவேண்டியிருக்கிறது. மூன்றாவது கேள்விக்குள் வாடிக்கைக்காரர் சலித்துப்போகிறார். அதற்கு மாறாக, 'வணக்கம். எதைக் காண விரும்புகிறீர்கள்?' என்று கேட்டு, அதன் கீழே 'சேலை', 'துண்டு', 'பெட்ஷீட்' என மூன்று பொத்தான்களை வைத்தால், விரலால் தொட்ட மாத்திரத்தில் அச்சொல்லே அவருடைய பதிலாக நம்மிடம் வந்துசேரும். அத்துடன் நாம் முன்னரே குறித்துவைத்த அடையாளக் குறியும் வருவதால், சங்கத்துக் கணிப்பொறி அதை ஊகித்து அறியவேண்டியதில்லை. தமிழை ஆங்கில எழுத்தில் பலவிதமாக எழுதி அனுப்புவோர் பெருகிவிட்ட இக்காலத்தில் இது சிறிய நன்மையன்று.

ஒரு செய்தியில் இத்தகைய பதில் பொத்தான்கள் மூன்றுக்கு மேல் வைக்க இயலாது. கூடுதலான வகைகளைக் காட்ட வேண்டுமானால் பட்டியல் என்னும் மற்றொரு அமைப்பு உண்டு. அதில் பத்து வரிகள் வரை கொள்ளும். பொத்தானில் எழுதுவதற்கோ இருபது எழுத்துகளே இடம். இங்கேதான் தமிழருக்கு ஓர் இடர்ப்பாடு. நம் கணக்கில் 'கூ' ஓர் எழுத்து. கணிப்பொறிக்கோ 'க' ஒன்று, அதன் கால்குறி மற்றொன்று. புள்ளியும் தனியே ஒன்று. 'பட்டுச் சேலைகளைக் காட்டுக' என்பதை நாம் பதின்மூன்று எழுத்தென்போம். கணிப்பொறி இடைவெளிகள் உட்பட இருபத்தைந்து என்று எண்ணி மறுத்துவிடும். 'பட்டுச் சேலை' என்றால் பன்னிரண்டில் முடிந்துவிடுகிறது. சுருங்கச் சொல்லப் பழகாத நமக்கு இது நல்ல பயிற்சி என்றும் கொள்ளலாம்!

சுருக்கம் தெளிவைக் கெடுத்துவிடக் கூடாது. நாம் அறிந்த நெசவாளர் சங்கம் ஒன்று, தீபாவளிக்கு முன்னர் புதிய கரைச் சேலைகளைப் பற்றி வாடிக்கைக்காரர் அனைவருக்கும் செய்தி விடுத்து, அதன் கீழ் 'வேண்டும்', 'வேண்டாம்' என இரண்டு பொத்தான்களை வைத்தது. 'வேண்டும்' என்று தொட்டவர் பலர். அதனை ஆர்டர் என்று எண்ணிச் சங்கத்தார் பாவு ஓட்டித் தறிகளுக்கு வேலை கொடுத்தனர். தொட்டவர்களில் பலர் கேட்டது சேலையையன்று, சேலையின் படத்தை. பண்டிகை கழிந்தது, சேலைகள் கிடங்கில் தங்கின, நெய்தவர்களுக்குக் கூலி இரண்டு மாதம் தாமதமாயிற்று. ஒரு சொல்லின் பிழைக்கு அடுப்பெரியாமல் தவித்தவர்கள் அச்சொல்லை எழுதியவர்களல்லர். 'படம் காண' என்று ஒரு பொத்தானும் 'முன்பணம் செலுத்த' என்று மற்றொன்றும் இருந்திருப்பின் இந்நிலை வந்திராது. பணம் வந்து சேர்ந்ததைச் சங்கக் கணக்கில் கண்ட பின்னரே ஆர்டர் என்று கொள்ளுதல் முறை. பணம் பெறுவதற்கு எவருடைய இரகசிய எண்ணும் தேவையில்லை. அதைச் சங்கம் ஒருபோதும் கேட்காது என்பதைச் செய்தியிலேயே தெரிவித்துவிடுவது நலம்.

நேர விதி ஒன்றும் உண்டு. வாடிக்கைக்காரர் கடைசியாக எழுதியதிலிருந்து இருபத்துநான்கு மணி நேரத்திற்குள்தான் நாம் விரும்பியவாறு பதில் எழுதலாம். அதற்குப் பின் அனுப்புவது, முன்னதாக வாட்ஸ்அப் நிறுவனத்தாரின் ஒப்புதல் பெற்ற மாதிரிச் செய்தியாகவே இருத்தல் வேண்டும். அம்மாதிரியில் பதில் பொத்தான் இருந்து, அதனை அவர் தொட்டால், அவர் எழுதியதாகவே கொள்ளப்பட்டு மறுபடியும் இருபத்துநான்கு மணி நேரம் கிடைக்கிறது. இணையப் பக்கத்துக்கு அழைத்துச் செல்லும் பொத்தானைத் தொட்டாலோ, அவர் அங்கே போய்விடுவார். நமக்குப் பதில் ஏதும் வராது. ஆகவே உரையாடலைத் தொடர விரும்பும் சங்கம் பதில் பொத்தானையே நாடவேண்டும். பழைய செய்திக்குத் திரும்பிச் சென்று அதன் பொத்தானைத் தொடவும் இடமுண்டு. ஆடித் தள்ளுபடிக்கு அனுப்பியதை ஒருவர் ஐப்பசியில் தொடக்கூடும். அப்போது இருப்பையும் விலையையும் பார்த்தே விடை போகுமாறு கணிப்பொறியை அமைத்தல் அவசியம்.

விளைவிப்போர் சங்கங்களுக்கு இதன் பயன் வேறு வகைப்பட்டது. அங்கே விடை வேண்டியது வாங்குபவரிடம் மட்டுமன்று, அங்கத்தினரிடமும்தான். மஞ்சள் கொணரும் நாளைக் கேட்டு, 'நாளை', 'இவ்வாரம்', 'அடுத்த வாரம்' என்று வைத்தால், எடை போடுமிடத்தில் எத்தனை வண்டிகள் வரும் என்பது முதல் நாளே தெரிந்துவிடும். இரவெல்லாம் வண்டியிலேயே படுத்துக் கிடக்க வேண்டியதில்லை.

2018ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த இலவச வணிகச் செயலியில் சரக்குப் பட்டியலும் சேமித்துவைத்த பதில்களும் உண்டு. சிறிய சங்கத்திற்கு அதுவே போதும். நாம் இங்கு விவரித்த பதில் பொத்தான்களுக்குக் கணிப்பொறியுடன் இணைக்கும் மற்றொரு ஏற்பாடு தேவை. 2022 மே மாதம் முதல் அது எல்லா நிறுவனங்களுக்கும் நேரடியாகத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. எனினும் அதை அமைக்கத் தொழில் தெரிந்தவர் வேண்டும். மாதிரிச் செய்திகளுக்குக் கட்டணமும் உண்டு. ஒரே வட்டத்துச் சங்கங்கள் சில ஒன்றுகூடித் தொழில் தெரிந்த ஒருவரை அமர்த்திக்கொண்டால் செலவு தாங்கும்.

சம்மதம் தராதவருக்குச் செய்தி அனுப்புவது தகாது. தடுத்துவிடுவோர் பெருகினால் சங்கத்து எண்ணின் தரமதிப்பே தாழ்ந்துபோகும்.

மூன்று பொத்தான்களுள் ஒன்றை 'ஆளுடன் பேச' என்பதற்கு ஒதுக்கிவிட வேண்டுமென்பது நம் கருத்து. முகூர்த்தத்திற்குக் கூறை எடுப்பவர் மூன்று சொற்களில் அடங்கமாட்டார். கரையின் பட்டும் உடலின் நிறமும் பற்றி அரை மணி பேசிய பின்னரே மனம் ஒப்புவார். அந்தப் பொத்தானைத் தொட்டவருக்கு விடை சொல்லக் கடையில் ஒருவர் இருக்கும் நேரத்தையும் செய்தியிலேயே குறித்துவிடலாம். பொத்தானுக்குச் சொற்களைத் தேர்ந்தெடுக்குமுன், காரியதரிசியும் விற்பனைக் குமாஸ்தாவும் உடனமர்ந்து, கைபேசிக்குக் கடைசியாக வந்த நூறு செய்திகளையேனும் படித்துப் பார்க்கட்டும். வாடிக்கைக்காரர் 'படுக்கை விரிப்பு' என்று எழுதுகிறாரா, 'பெட்ஷீட்' என்று எழுதுகிறாரா என்பது அங்கே தெரிந்துவிடும்.