தூக்கணாங்குருவியின் கூடும் பெற்றோர் பராமரிப்பும்

வயலோரப் பனையில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளை அவதானித்தால், சில கூடுகள் அரைகுறையாகக் கவிழ்த்த தொப்பி போல் இருப்பதைக் காணலாம். காற்றில் பிய்ந்தவை எனப் பலர் கருதுவர். ஆனால் அவற்றுட் பல, பெண் பறவை ஏற்காமல் விட்டவையாகும்.

இனப்பெருக்க காலத்தில் ஆண் பறவையின் உச்சி மஞ்சள் நிறமடையும். அது நெல், புல், ஓலை ஆகியவற்றிலிருந்து நீண்ட கீற்றுகளைக் கிழித்துக் கூட்டை அரைவாசி பின்னியதும், சிறகடித்து ஒலியெழுப்பிப் பெண்ணை அழைக்கும். பெண் வந்து சோதித்துப் பார்க்கும். கூட்டின் பின்னலைவிட அது அமைந்துள்ள இடமே பெண்ணின் தெரிவில் முக்கியமானது என ஆய்வுகள் காட்டியுள்ளன. பெண் ஏற்றுக்கொண்டால் ஆண் வாயிற்குழாயைப் பின்னிக் கூட்டை நிறைவுசெய்யும். ஏற்காவிடின் பல நாள் உழைப்பு வீணாகும். (கூட்டில் ஈரக்களிமண் ஒட்டப்பட்டிருப்பது உண்மை. அதில் மின்மினியைப் பதித்து விளக்கேற்றும் என்பது வெறும் கதை.)

கூடு முடிந்ததும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணை அழைக்கும். ஓர் ஆண் பல பெண்களுடன் இணையும் இம்முறை பலபெண் துணைமுறை எனப்படும். 2 - 4 வெண்ணிற முட்டைகளை ஏறத்தாழ இரு வாரங்கள் அடைகாப்பது பெண்ணே. உணவூட்டலும் பெரும்பாலும் அதன் வேலையே.

ஆண் விலகிச் செல்வது எவ்வாறு சாத்தியமாகின்றது? மாணவர்கள் விடையில் தவறவிடும் பகுதி இதுவாகும். மழையுடன் பூச்சிகளும் புல்விதைகளும் பெருகுகின்றன. தொங்கும் கூடு எதிரிகளிடமிருந்து ஓரளவு பாதுகாப்பளிக்கின்றது. ஆகவே பெண்ணால் தனித்தே குஞ்சுகளை வளர்க்க முடிகின்றது. உணவு தேடல் கடினமான இனமொன்றில் ஆண் விலகினால் அதன் குஞ்சுகளே இறக்கும். அவ்வியல்பு இயற்கைத் தேர்வில் நிலைக்காது. "ஆண் பொறுப்பற்றது" என எழுதினால் அது விளக்கமாகாது.

இலைகளைத் தைத்துக் கூடமைக்கும் தையற்சிட்டில் ஆணும் பெண்ணும் குஞ்சுகளுக்கு உணவூட்டும். இது ஒருதுணை முறை. ஆயினும் ஒருதுணை என்றால் சமபங்கு வேலை என எண்ணலாகாது. தேன்சிட்டில் கூடு கட்டுவதும் அடைகாப்பதும் பெண்ணே. ஆண் உணவூட்டலில் மட்டும் உதவும்.

நம் வீட்டு முற்றத்தில் கூட்டமாகத் திரியும் புலுனி (தவிட்டுக்குருவி) இன்னும் வேறுபட்டது. ஒரு கூட்டிலுள்ள குஞ்சுகளுக்குக் கூட்டத்தின் ஏனைய பறவைகளும் இரை கொண்டுவரும். இவை உதவிப் பறவைகள் எனப்படும். விடை எழுதும்போது இவற்றைப் பெற்றோர் எனக் குறிப்பிட வேண்டாம்.