நாடித் துடிப்பும் உடலமைப்பும்

கடிகாரத்திற்கு அழகு ஒரே சீராக ஓடுதல். இதயத்திற்கோ அஃது அழகன்று. நிமிடத்திற்கு 60 முறை துடிக்கும் இதயம், நொடிக்கு ஒருமுறை தவறாது துடிக்கிறது என்றே பலரும் எண்ணுவர். நுட்பமாக அளந்து பார்த்தால், ஒரு துடிப்பிற்கும் அடுத்த துடிப்பிற்கும் இடையே ஒருகால் 0.95 நொடியும், ஒருகால் 1.05 நொடியும் கழியக் காணலாம். மூச்சை உள்ளிழுக்கையில் துடிப்பு சற்று விரையும், வெளிவிடுகையில் தணியும். ஜெர்மானிய உடலியல் அறிஞர் கார்ல் லுட்விக் 1847ஆம் ஆண்டிலேயே இதனைக் கருவியால் பதிந்து காட்டினார்.

இவ்வேறுபாடு எங்ஙனம் உண்டாகிறது? இதயத்தின் வலது மேலறையில் துடிப்பைத் தொடங்கி வைக்கும் திசுமுடிச்சு ஒன்று உளது. நரம்புகளின் ஆட்சி இல்லையெனில், அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 முறை துடிப்பை எழுப்பும். பரிவு நரம்புகள் அதனை முடுக்குகின்றன. மூளையினின்று இறங்கி வரும் வேகஸ் நரம்பு அடக்குகின்றது. குதிரையின் கடிவாளத்தை இழுத்தும் தளர்த்தியும் செலுத்துவான் வண்டியோட்டி. வேகஸ் நரம்பின் செயலும் அத்தகையதே. துடிப்பின் இடைவெளி மாறாது நிற்குமாயின், கடிவாளம் பிடித்த கை தளர்ந்தது என்பது பொருள். (இதயம் தாறுமாறாகத் துடிப்பது வேறு, அது நோய்.) மாரடைப்பிலிருந்து பிழைத்த 808 பேரை ஆராய்ந்து 1987இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட முடிவு கருதத்தக்கது. இவ்வேறுபாடு மிகக் குறைந்திருந்தோர்க்கு, மிகுந்திருந்தோரைவிட, இறக்கும் இடர் ஐந்து மடங்கிற்கும் மேலாக இருந்தது.

வேகஸ் நரம்பின் பிடி தளர்தற்கு முதுமை ஒரு காரணம், கொழுப்பு மற்றொன்று. ஆடவர்க்குக் கொழுப்பு வயிற்றினுள்ளும், குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து சேர்கிறது. அது வாளா கிடப்பதன்று. அழற்சியைத் தூண்டும் பொருள்களைக் குருதியில் கலக்கும். இன்சுலினின் ஆற்றலை மழுக்கும். அதனால் பரிவு நரம்புகள் ஓய்விலும் விழித்தே இருக்கும்.

எடைக்கருவி இதனைக் காட்டாது. ஒரே உயரமும் 75 கிலோ எடையும் உடைய இருவருள் ஒருவர் மல்லராகவும், மற்றவர் நாள்முழுதும் நாற்காலியில் அமர்ந்திருப்பவராகவும் இருக்கக்கூடும். முன்னவர் எடையில் தசை மிகுதி. பின்னவர் எடையில் கொழுப்பு மிகுதி. இவ்விருவரையும் வேறுபடுத்திக் காட்ட எளிய அளவுநாடாவே போதும். தெற்காசிய ஆடவர்க்கு வயிற்றின் சுற்றளவு 90 சென்டிமீட்டரைக் கடத்தல் இடரின் அறிகுறி என மருத்துவர் வரையறுத்துள்ளனர். ஐரோப்பியர்க்கு அவ்வெல்லை 94.

முதுமையால் குறையும் வேறுபாட்டை முற்றும் தடுத்தல் இயலாது. கொழுப்பால் குறைவது அவ்வாறன்று. அளவான உணவாலும் விரைந்த நடையாலும் உடற்கொழுப்புக் கரைந்தோரிடம் அவ்வேறுபாடு மீண்டும் மிகுவதை ஆய்வாளர் கண்டுள்ளனர்.