மலைப்பழத்தின் மணம்

கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்றால், வானம் தெளிந்த நாளில் பழநி மலை கண்ணுக்குத் தெரியும். அங்கு ஆண்டவனுக்கு உகந்த பஞ்சாமிர்தமும் இம்மலைத்தொடரின் கொடையே. சரிவுகளில் விளையும் விருப்பாச்சி மலைவாழைப்பழத்துடன் நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சம்பழம், கற்கண்டு, ஏலக்காய் சேர்த்து, துளி நீரும் விடாமல் பிசைவது மரபு. 2019-இல் பழநிப் பஞ்சாமிர்தமும் கொடைக்கானல் மலைப்பூண்டும் புவிசார் குறியீடு பெற்றன. மலைவாழை அதற்கு முன்பே பெற்றுவிட்டது.

எனினும், முடிக்கொத்து நோயால் அவ்வாழைத் தோட்டங்கள் பெரிதும் சுருங்கிவிட்டன. ஆதலால் மலையிலிருந்து இறங்கும் அன்பர்கள், எவ்வூரிலும் கிடைக்கும் பொம்மைகளை விடுத்து, பேரக்குழந்தைகளுக்கென ஒரு சீப்பு மலைப்பழமும், சமையலறைக்குச் சிறிது மலைப்பூண்டும், தேவஸ்தான விற்பனை நிலையத்தில் பஞ்சாமிர்தமும் வாங்கிச் செல்லலாம். பழத்தை வாங்குவோர் இருந்தால்தான் உழவர் வாழை நடுவார். வாழை நிலைத்தால்தான் பிரசாதத்தின் மணமும் நிலைக்கும்.